தழும்பு இறுகும் முன்

மயிலாப்பூர்,
21.8.1995

அன்புத் தம்பி யாசிருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நேற்று முன்தினம் அத்தாவுக்கு நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதினோம். நெய்ச்சோறு ஆக்கினோம். அத்தாவோடு பல்லவனில் வேலை பார்த்த டிரைவர்கள், கண்டக்டர்கள் இருபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். எல்லோரும் உன்னைத்தான் கேட்டார்கள். விசா சிக்கல் என்று சொன்னேன். இந்தப் பொய்யை இதுவரை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. இப்போதெல்லாம் சொல்லும்போது நாக்குக்கூடத் தடுமாறுவதில்லை.

அடக்கத்துக்கு நீ வந்து சேர முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். காலையில் மௌத்தானவரை அஸர் தொழுகைக்குப் பிறகு எடுத்துவிட்டோம். கிளாஸ்கோவிலிருந்து யாரால் அதற்குள் வர முடியும்? ஆனால் பெற்ற தகப்பனுக்காக வர, அதற்குப் பிறகு நாற்பது நாள் இருந்தது. பக்கத்து வீட்டுப் புஷ்பம் அக்காவின் ஃபோனில் மூன்று தடவை கூப்பிட்டாய். மூன்று தடவையும் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, லைன் சரியில்லை என்று வைத்துவிட்டாய். லைன் நன்றாகத்தான் இருந்தது.

அம்மா இத்தாவில் இருக்கிறார். நாலு மாதம் பத்து நாள் முடியும்வரை வெளியே வரமாட்டார். உள் அறையில் வெள்ளைப் புடவையோடு உட்கார்ந்திருக்கிறார். வருகிறவர்களை நான்தான் கவனிக்க வேண்டும். காலையில் சமைத்து வைத்துவிட்டு சாந்தோம் பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறேன். மூன்றாம் வகுப்பில் இந்த வருஷம் நாற்பத்தெட்டு பிள்ளைகள். திரும்பி வந்தால் மறுபடி அடுப்படி. உன் மச்சான் இனாயத் தி.நகர் கடையிலிருந்து வருவதற்குள் நான் சாப்பிட்ட தட்டின் முன்னாலேயே தூங்கிவிடுகிறேன்.

சண்டை போட இதை எழுதவில்லை. அதற்குத் தெம்பில்லை. எனக்கு ஒன்று தெரிய வேண்டும்.

ஜூலை மூன்றாம் தேதி அத்தாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு வாரத்தில் நன்றாகத் தேறிவிட்டார். கட்டிலில் தானே எழுந்து உட்கார்ந்தார். பக்கத்துக் கட்டில்காரருக்கு எந்தப் பஸ் எங்கே நிற்கும் என்று பாடம் நடத்தினார். பதினொன்றாம் தேதி காலை வெந்நீர் வாங்கப் போனேன். திரும்பி வருவதற்குள் முகம் சாம்பல் பூத்துவிட்டது. டாக்டர் ஓடிவந்து எக்கோ மெஷினை வைத்துப் பார்த்தார். "இதயச் சுவரு கிழிஞ்சிடுச்சும்மா. சுத்தி இருக்கிற பையில ரத்தம் ரொம்பிடுச்சு" என்றார். அவ்வளவுதான்.

தேறிக்கொண்டிருந்த மனிதருக்கு இதயம் ஏன் கிழிய வேண்டும்? நீ ஐந்து வருஷமாக இதைத்தானே படிக்கிறாய். என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல எனக்குச் சொல்.

உன் அக்கா,
ஷாகிரா


கிளாஸ்கோ,
4.9.1995

அன்புள்ள அக்கா,

வ அலைக்கும் ஸலாம். உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. வேலை அதிகம். நான் வராததற்கு எதைச் சொன்னாலும் சாக்காகத்தான் இருக்கும். அதனால் சொல்லவில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். இதயத்துக்கே ரத்தம் கொண்டு போகிற குழாய்கள் உண்டு. அதில் ஒன்று அடைத்துக்கொள்வதுதான் மாரடைப்பு. அந்தக் குழாயை நம்பியிருந்த தசை செத்துப்போகிறது. தோலில் காயம் பட்டால் புதுத்தோல் வளர்ந்துவிடும். இதயத் தசை அப்படித் திரும்ப வளராது என்றுதான் நாங்கள் படித்திருக்கிறோம். செத்த இடத்தைத் தழும்புதான் மூட வேண்டும்.

இதயத்தில் துடிக்கிற தசைச் செல்கள் மட்டும் இல்லை. அவற்றுக்கு நடுவே துடிக்காத செல்கள் ஏராளம். நார் உண்டாக்குவது அவற்றின் வேலை. காயம் பட்டதும் அந்த இடம் வீங்குகிறது. ரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் வந்து செத்ததை அப்புறப்படுத்துகின்றன. காயத்தின் ஓரத்தில் பிழைத்துக் கிடக்கிற தசைச் செல்கள் தங்களிடமிருந்து சில பொருள்களைக் கசியவிடுகின்றன. அவை பட்டதும் நார் செல்கள் பெருகிக் காயத்துக்குள் புகுந்து தழும்பை நெய்கின்றன.

இந்தக் கசிவுதான் என் ஆராய்ச்சி. எலிக்குட்டியின் இதயத்திலிருந்து இரண்டு வகைச் செல்லையும் பிரித்துத் தனித்தனித் தட்டில் வளர்க்கிறேன். தசைச் செல்லைக் காற்றில்லாமல் கொஞ்ச நேரம் வாட்டிவிட்டு, அது ஊறியிருந்த நீரை எடுத்து நார் செல்லின்மேல் ஊற்றினால், இரண்டே நாளில் தட்டு நிறைந்துவிடுகிறது. அடிபட்ட செல் பக்கத்துச் செல்லை வேலைக்குக் கூப்பிடுகிறது. அப்படித்தான் எனக்குத் தோன்றும்.

ஆனால் தழும்பு இறுகச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரத்தில் செத்த தசை கரைந்துகொண்டிருக்கும், போதுமான நார் இன்னும் வந்திருக்காது. சுவர் மிகவும் நைந்திருக்கிற நாட்கள் அவை. பார்ப்பதற்கு ஆள் தேறியதுபோலவே இருப்பார். அந்தச் சமயத்தில் நூற்றில் சிலருக்குக் கிழிந்துவிடுகிறது. யார் தவறும் இல்லை.

அம்மாவுக்கு என் ஸலாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

யாசிர்

ஒரு சின்ன விஷயம். அந்த முட்டிவலி மாத்திரையை அத்தா எத்தனை நாள் சாப்பிட்டார்? ஞாபகம் இருந்தால் எழுது. இல்லாவிட்டால் பரவாயில்லை.


மயிலாப்பூர்,
18.9.1995

தம்பி யாசிருக்கு,

கடிதம் புரிந்தது. நீ நல்ல வாத்தியாராக வந்திருப்பாய்.

ஆனால் கையெழுத்துக்குக் கீழே இருக்கிற கடைசி வரிகள் வேறு பேனாவில் இருக்கின்றன. கடிதம் முழுக்க நீலம், அது மட்டும் கறுப்பு. முடித்து மூடி வைத்துவிட்டு, மறுபடி திறந்து எழுதியிருக்கிறாய். நாற்பத்தெட்டு நோட்டு திருத்துகிறவளுக்கு இதுகூடவா தெரியாது?

நாலு நாள் சாப்பிட்டார். ஏழாம் தேதி வெள்ளிக்கிழமையிலிருந்து திங்கட்கிழமை வரை. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. நெஞ்சைப் பற்றி அத்தா ஒரு நாளும் முனகவில்லை. முப்பது வருஷம் பஸ்ஸில் நின்ற அந்த முட்டிதான் அவரைப் படுக்கவிடவில்லை. முதல் மூன்று ராத்திரியும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். வீட்டில் எப்போதும் போடுகிற மாத்திரை டப்பாவில் இருந்தது. வியாழக்கிழமை நீ புஷ்பம் அக்கா வீட்டுக்கு ஃபோன் செய்தபோது உன்னிடம் கேட்டேன். கொடு என்றாய். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இப்போது ஏன் அதைக் கேட்கிறாய்? வீக்கம் வந்தால்தான் தழும்பு வரும் என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்த மாத்திரை வீக்கத்தை அடக்குகிற மாத்திரை. அட்டைக்குள் இருந்த சீட்டை எடுத்துப் படித்தேன், அதில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

நான்தான் அன்றைக்கு அவசரத்தில் மாத்திரையின் பெயரைத் தப்பாகச் சொல்லிவிட்டேனா? அல்லது டாக்டரையும் கேட்டிருக்க வேண்டுமா? ரவுண்ட்ஸ் வரும்போது கேட்கத்தான் நினைத்தேன். அதற்குள் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. என் கையால் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன், யாசிர். எட்டு மாத்திரை. உன் மச்சானிடம்கூட இதைச் சொல்லவில்லை.

இல்லை என்றால் இல்லை என்று எழுது. ஆமாம் என்றாலும் எழுது.

ஷாகிரா


மயிலாப்பூர்,
23.10.1995

யாசிர்,

ஒரு மாதம் ஆகிவிட்டது. இல்லை என்று ஒரு வரி எழுத உனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நீ எழுதாததிலிருந்தே எனக்கு விளங்கிவிட்டது.

மழை ஆரம்பித்துவிட்டது. அம்மாவின் அறை ஒழுகுகிறது. தேர்வுத்தாள் திருத்த வேண்டும். கரும்பலகையில் எழுதிக்கொண்டே இருக்கும்போது கை நின்றுவிடுகிறது. பிள்ளைகள் பின்னால் காத்திருக்கிறார்கள். இரண்டு தடவை ஆகிவிட்டது. தலைமை ஆசிரியை கூப்பிட்டு, லீவு வேண்டுமா என்று கேட்டார்.

இனி எழுதமாட்டேன்.

ஷாகிரா


கிளாஸ்கோ,
2.11.1995

அக்கா,

நீ பெயரைத் தப்பாகச் சொல்லவில்லை. எழுத்துக் கூட்டிக்கூடச் சொன்னாய். எனக்குச் சரியாகக் கேட்டது.

அப்போது இங்கே மதியம் மூன்றரை. லேபிலிருந்துதான் பேசினேன். தட்டில் செல் போட்டு டைமர் வைத்திருந்தேன், மணி அடிக்க இரண்டு நிமிஷம் இருந்தது. "முட்டிவலியில அழுவுறாருடா, அந்த மாத்திரயக் குடுக்கலாமா?" என்று கேட்டாய். "குடுக்கா, ஒண்ணும் ஆகாது" என்று சொன்னேன். சொல்லிவிட்டு மணி அடித்த பக்கம் போய்விட்டேன். மூச்சு விடுகிற நேரம்கூட யோசிக்கவில்லை.

எனக்குத் தெரியாத விஷயம் என்றால் பரவாயில்லை. என் ஆய்வேட்டில் இரண்டாம் அத்தியாயத்திலேயே அது இருக்கிறது. மாரடைப்பு உண்டாக்கிய விலங்குகளுக்கு ஆரம்ப நாட்களில் வீக்கத்தை அடக்கும் மருந்துகளைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சிலவற்றில் தழும்பு மெலிந்துபோனது, சுவர் பிதுங்கியது. அந்தப் பத்தியை நான்தான் எழுதினேன், அக்கா. எழுதி, திருத்தி, டைப் அடித்து, பைண்டு பண்ணி அத்தாவுக்கு ஒரு பிரதி அனுப்பினேன். வீட்டு அலமாரியில் இருக்கும்.

அத்தா மௌத்தான செய்தி வந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் எனக்கு அந்தப் பத்தி ஞாபகம் வந்துவிட்டது. முதலில் அழுகை வரவில்லை, அதுதான் வந்தது. மறுநாள் டிக்கெட் எடுத்தேன். லண்டன் ஏர்போர்ட் வரை போனேன். விமானத்துக்குக் கூப்பிட்டார்கள். எல்லோரும் எழுந்தார்கள். நான் எழவில்லை. வந்தால் நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுவாய், என் பிள்ளை படித்தவன் என்று அம்மா நாலு பேரிடம் சொல்வார் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். பிறகு ரயில் ஏறித் திரும்பி வந்தேன்.

இதையும் சொல்ல வேண்டும். அந்த மாத்திரையால்தான் கிழிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு மாத்திரையும் சாப்பிடாதவர்களுக்கும் கிழிகிறது. சாப்பிட்டவர்கள் பலர் பிழைத்து வீட்டுக்குப் போகிறார்கள். எலி வேறு, மனிதன் வேறு. நாலு நாள் என்பது மிகக் குறைவு. உனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எழுதவில்லை. உண்மையே அதுதான். கிட்டத்தட்ட நாலு மாதமாக அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு தூங்கப் பார்க்கிறேன், முடியவில்லை.

முதல் கடிதத்தில் யார் தவறும் இல்லை என்று எழுதினேன். அது பொய். இருந்தால் அது என் தவறு. உன்னுடையது இல்லை. இதைச் சொல்லாமல் உன்னை ஒரு மாதம் தவிக்கவிட்டேனே, அதற்கு நிச்சயமாக நான்தான் பொறுப்பு. அதில் எந்தச் சந்தேகமும் கிடையாது.

லேபுக்குப் போகிறேன், வருகிறேன். தட்டைப் பார்த்தால் கை ஓடவில்லை. வேலையை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

யாசிர்


மயிலாப்பூர்,
26.11.1995

யாசிருக்கு,

இனி எழுதமாட்டேன் என்றேன். எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போய், மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். முதலில் கோபம்தான் வந்தது. நீ மறந்ததற்குக்கூட இல்லை. ஏர்போர்ட்டில் உட்கார்ந்திருந்தாயே, அதற்கு. என் தோளில் யார் அழுதார்கள் என்று நினைத்தாய்? இங்கே என் தோளைத் தவிர வேறு தோள் எது இருந்தது?

ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதே டாக்டர் இருந்தார். மாத்திரையைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அவருக்கும் கண்ணெல்லாம் சிவந்திருந்தது, எத்தனை மணி நேரமாக டியூட்டியோ. "தெரியாதும்மா. இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம். நான் கேட்டிருக்கணும், வீட்லேந்து ஏதாவது குடுக்கறீங்களான்னு. நூறு பேஷன்ட், கேக்க விட்டுப்போச்சு" என்றார்.

ஆளாளுக்கு ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறோம். யார் பங்கு எவ்வளவு என்று சொல்லத்தான் ஆளில்லை.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. முதல் மாத்திரையைக் கொடுக்கும்போது நர்ஸம்மாவைக் கேட்டுவிடலாமா என்று அத்தாவிடம் சொன்னேன். அவர் விடவில்லை. வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "எதுக்கும்மா? எம் புள்ள சீமையில இதயத்தப் பத்திதான் படிச்சிக்கினு கீறான். அவனே சொல்ட்டான். குடு நீ." சொல்லிவிட்டுப் பக்கத்துக் கட்டில்காரரைப் பார்த்தார். உனக்கு இது வலிக்கும் என்று தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். அவர் எவ்வளவு சந்தோஷமாக அதைச் சொன்னார் என்பதை நான் ஒருத்தி மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அம்மாவின் இத்தா போன வாரம் முடிந்தது. அன்றைக்குத்தான் அம்மாவிடம் சொன்னேன், நான் கொடுத்ததையும் நீ கொடுக்கச் சொன்னதையும் சேர்த்து. அம்மா தஸ்பீஹ் மணியை ஒரு சுற்று உருட்டி முடித்தார். பிறகு சொன்னார்: "அந்த நாலு ராத்திரியும் அவரு வலியில்லாம தூங்குனாரு. நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கினுதான இருந்தேன். அவனுக்கு எழுதும்போது அதயும் சேத்து எழுது."

எழுதிவிட்டேன்.

வேலையை விடுவது உன் இஷ்டம். விட்டால் அத்தா எழுந்து வரப்போவதில்லை. அடிபட்ட செல் என்ன அனுப்புகிறது என்று பார்க்கிற வேலையை இன்னொருவர் செய்வார், அவ்வளவுதான். நான் ஒரு காரியம் செய்தேன். பெரிய அட்டையில் கொட்டை எழுத்தில், "வீட்டிலிருந்து கொண்டு வரும் வலி மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்" என்று எழுதி எடுத்துப் போனேன். நர்ஸம்மா படித்துப் பார்த்துவிட்டு வார்டு வாசலில் ஒட்டினார். எத்தனை நாள் இருக்குமோ தெரியாது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. முயன்று பார்த்தேன். ஆனால் நீ வந்தால் சோறு போடுவேன். அம்மா தினமும் கேட்கிறார்.

இன்னொன்று. அத்தாவை அடக்கிய கபரை நானும் இதுவரை பார்க்கவில்லை. நம் வீட்டுப் பெண்கள் அடக்கத்தலத்துக்குள் போகிற வழக்கம் இல்லை. உன் மச்சானைக் கேட்டால், "மண்ணுதான், வேற இன்னா இருக்கும்" என்கிறார். எனக்கு அது போதவில்லை. நீ போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்.

ஷாகிரா


கிளாஸ்கோ,
14.1.1996

அன்புள்ள அக்கா,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அம்மா கட்டிக்கொடுத்ததெல்லாம் பத்திரமாக இருக்கிறது. இங்கே பனி.

பதினேழு நாள் உன் வீட்டில் இருந்தேன். ஒரே தட்டில் சாப்பிட்டோம். நீ திருத்திய நோட்டுகளுக்கு நான் மார்க் கூட்டிக் கொடுத்தேன். அத்தாவைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கபரைப் பார்த்துவிட்டு வந்த அன்று நீ வாசலில் நின்று என் முகத்தையே பார்த்தாய். "பாத்தியா?" என்றாய். "பாத்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். நீ அதற்குமேல் கேட்கவும் இல்லை. அதனால் இப்போது எழுதுகிறேன்.

முதலில் என் செய்தி. வேலையை விடவில்லை. திங்கட்கிழமை லேபுக்குப் போய்ப் புதுத்தட்டு போட்டேன். பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், அந்த மருந்தை நம் செல்களில் போட்டுப் பார்க்கலாமா, உன்னால் முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். முடியுமா என்று எனக்கே தெரியாது. எலிச் செல் தட்டில் என்ன நடந்தாலும் அத்தா விஷயத்தில் பதில் கிடைக்காது. அது தெரிந்துதான் ஆரம்பிக்கிறேன்.

இனி கபர். வாசலிலிருந்து உள்ளே போனால் வலது பக்கம் ஒரு வேப்பமரம். அதைத் தாண்டி மூன்றாவது வரிசை. தலைமாட்டில் மச்சான் நட்டு வைத்த கல். அதில் ஷரஃபுதீன் என்று பெயிண்டில் எழுதியிருக்கிறது, மழையில் கொஞ்சம் கரைந்திருக்கிறது, ஆனாலும் படிக்க முடிகிறது. இரண்டு பக்கமும் வேறு கபர்கள். நடுவில் அத்தாவுடையது மட்டும் மழைக்கு உள்வாங்கி, ஒரு முழம் பள்ளமாகி, தண்ணீர் தேங்கி நின்றது. அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு வேட்டியில் இருந்த சேறு பஸ்ஸில் பட்டது என்று உன்னிடம் சொன்னேன். அது இந்தச் சேறுதான்.

கபர் தோண்டுகிற பெரியவர் வந்தார். அத்தாவின் பெயரைக் கேட்டார், சொன்னேன். "மொத மழைக்கி எல்லாம் எறங்கத்தான் எறங்கும். பயப்படாத. மேல மண்ணு போட்டா நின்னுக்கும்" என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கண்டக்டரு பையனா நீ? இவ்ளோ நாளா எங்க இருந்த?" என்று கேட்டார்.

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மரத்தடியில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

யாசிர்